புல் கூரையிலிருந்து தகரத்துக்கு: கென்யாவின் சியாயாவில் நேரடிப் பண உதவி, ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா மாவட்டத்தில் ஏழை வீடு எது என்று கண்டுபிடிக்க வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தார்கள். புல் வேய்ந்திருந்தால் பணம் உண்டு, தகரம் போட்டிருந்தால் இல்லை. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் 2011இலிருந்து பல ஆண்டுகள் இந்த ஓர் அளவுகோலை வைத்தே அங்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. நிபந்தனை கிடையாது. திருப்பித் தர வேண்டாம். செலவுக்கு ரசீதும் காட்ட வேண்டாம்.

பண உதவி பற்றிப் பேச உலகில் எத்தனையோ ஊர்கள் இருக்க, சியாயாவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே எந்தக் கிராமத்துக்குப் பணம், எதற்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடிந்தது. பத்தாண்டுக்கு மேல் திரும்பத் திரும்ப அளந்தும் இருக்கிறார்கள். 'கொடுத்தால் குடித்தே அழிப்பான்', 'கொடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்ற இரண்டு பேச்சையும் எண்களோடு வைத்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் இல்லை.

புல்லின் விலை

சியாயாவில் பெரும்பாலோர் லுவோ மக்கள். பராக் ஒபாமாவின் தந்தைவழி ஊரான கோகெலோ இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மண்சுவர் வீடு, சுற்றிலும் சிறிய மக்காச்சோள நிலம், சில கோழிகள், முடிந்தால் ஒரு மாடு. இதுதான் ஏழைக் குடும்பத்தின் இருப்பு. மார்ச்சில் நெடுமழை தொடங்கும். அதில் விதைத்தது ஜூலை, ஆகஸ்டில் கைக்கு வரும். அக்டோபரிலிருந்து குறுமழை.

அறுவடையை ஒட்டிச் சோளம் மலிவு. ஆனால் விற்காமல் வைத்திருக்க வழியில்லை. கைமாற்று வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும், ஜனவரியில் பள்ளி திறந்தால் கட்டணம் கட்ட வேண்டும். விற்றுவிடுகிறார்கள். ஏப்ரல், மே வந்ததும் அதே சோளத்தைக் கூடுதல் விலைக்குச் சந்தையில் வாங்கி உகாலி என்ற களியைக் கிண்டுகிறார்கள். விளைவித்தவனே மலிவாக விற்று, விலை ஏறிய பிறகு வாங்கித் தின்னும் இந்தச் சுழற்சி நம் மானாவாரிக் காட்டு விவசாயிக்கும் புதிதல்ல. பணம் இல்லாததால் வரும் நஷ்டம் இது. உழைப்பு குறைந்ததால் வருவதல்ல.

கூரையிலும் இதே கதைதான். புல் இலவசம் என்று தோன்றும். நல்ல புல் இருக்கும் இடம் சுருங்கிவிட்டது. அறுக்க, சுமக்க, வேய எல்லாவற்றுக்கும் கூலி. கறையான் அரிக்கும், எலி குடியிருக்கும், மழையில் மக்கும். முதல் ஆய்வு நடந்த காலத்தில், புல் கூரையைப் பராமரிக்கவும் மாற்றவும் ஆண்டுக்குச் சராசரியாக 107 டாலர் ஆனது என்று குடும்பங்கள் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இது உள்ளூர் விலைவாசிக்கு ஏற்பத் திருத்திய 'வாங்கும் திறன்' டாலர். ஷில்லிங்கில் சுமார் 6,700. தகரக் கூரைக்கு ஆகும் செலவு 564 டாலர், அதாவது ஏறக்குறைய 35,000 ஷில்லிங். பணம் பெறாத குடும்பங்களின் மொத்த மாதச் செலவு அப்போது 158 டாலர், சுமார் 9,900 ஷில்லிங்.

இந்த மூன்று தொகைகளை அருகருகே வைத்தால் விஷயம் வெளிச்சமாகிறது. ஒரு மாதக் குடும்பச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு, ஆண்டுதோறும் கூரையில் மக்கிப் போகிறது. தகரம் போட்டவருக்கு அந்த 6,700 மிச்சம். 35,000 போட்டு ஆண்டுக்கு 19 விழுக்காடு லாபம் பார்ப்பதற்குச் சமம். இது அந்த மக்களுக்குத் தெரியாததல்ல. 35,000 ஷில்லிங் ஒரே கையில், ஒரே மாதத்தில் சேருவதில்லை. சேரத் தொடங்கினால் ஒரு காய்ச்சலோ சாவு வீடோ வந்து கரைத்துவிடும்.

தகரம் போடும்போது

சுவாஹிலியில் மபாட்டி என்பார்கள். நெளிநெளியான இரும்புத் தகடு. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமுள்ள வீட்டுக்கு எத்தனை தகடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலாபுறமும் 40 சென்டிமீட்டர் தாழ்வாரம் விட்டால் கூரைக்குக் கீழே 6.8க்கு 4.8 மீட்டர் இடம். முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு. சரிவு 25 பாகை என்றால் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 2.65 மீட்டர். 3 மீட்டர் தகடு ஒன்று குறுக்கே ஒட்டுப் போடாமல் போதும். ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறியது போக, ஒரு தகடு அடைக்கும் அகலம் 75 சென்டிமீட்டர் என்று கொண்டால் பக்கத்துக்குப் பத்து. ஆக 20 தகடு, அதோடு 7 மீட்டருக்கு முகட்டுத் தகடு, கைமரம், ரீப்பர், குடை ஆணி, தச்சர் கூலி.

தவறு நடக்கும் இடங்களும் தெரிந்தவையே. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு. விலை குறைவு என்று 32 கேஜ் வாங்கினால், ஏறி நடந்தால் அமுங்கும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். 30 கேஜ் கொஞ்சம் தாங்கும். ஆணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் பாதையிலேயே ஓட்டை. பழைய மண்சுவரின் கம்பங்களைக் கறையான் அரித்திருந்தால் முதலில் அவற்றை மாற்றியாக வேண்டும். புல் கூரை தன் கனத்தாலேயே உட்கார்ந்திருக்கும். தகரம் லேசு என்பதால், கைமரத்தைச் சுவர்க்கம்பத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டாத வீட்டில் காற்று அப்படியே தூக்கிவிடும். பட்ஜெட்டில் பலர் மறப்பது இந்தக் கம்பத்தையும் கம்பியையும்தான். தகடு வாங்கிய கையோடு பணம் தீர்ந்து, தகடு மாதக்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்கும்.

தகரத்தில் குறையும் உண்டு. நண்பகலில் வீட்டுக்குள் வெக்கை. மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. புல் இந்த இரண்டிலும் மேல். ஆனால் தகரம் தண்ணீர் தரும். மேலே சொன்ன கூரையின் கிடைப்பரப்பு 32 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 10 மில்லிமீட்டர் மழைக்கு 320 லிட்டர் விழும். சிதறியதும் வழிந்ததும் போக 260 லிட்டர் பிடிக்கலாம். 20 லிட்டர் கேனில் 13 கேன். தலைச்சுமையாக ஓடையிலிருந்து 13 நடை நடக்கும் பெண்ணுக்கு அது அரை நாள் உழைப்பு. இதற்குத் தாழ்வாரத்தில் தகரப் பீலியும் கீழே தொட்டியும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பீலி கட்டினால் பாதித் தண்ணீர்தான். புல் கூரைத் தண்ணீரைப் பிடித்தால் பழுப்பு நிறச் சாறுதான் வரும்.

பணம் கைக்கு வரும் வழி

2007இல் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவைதான் முதுகெலும்பு. பெசா என்றால் பணம்; நம் பைசாவேதான், இந்தியப் பெருங்கடலைக் கடந்து போன சொல். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும் சிம் அட்டையும் அடையாள அட்டையும் இருந்தால் போதும். மளிகைக்கடைக்காரரே முகவர், பின் எண்ணைத் தட்டினால் ரொக்கம் எடுத்துக் கொடுப்பார்.

நடைமுறை இப்படிப் போகும். முதலில் ஊர்த்தலைவரைப் பார்த்து, ஊர்க்கூட்டம் போட்டு விவரம் சொல்வார்கள். அடுத்து ஒரு குழு வீடு வீடாகக் கணக்கெடுக்கும், கூரை எது என்று குறித்துக்கொள்ளும். இன்னொரு நாள் வேறொரு குழு வந்து தகுதியான குடும்பத்தைப் பதிவு செய்யும். கைபேசி இல்லாதவர் வாங்கிக்கொள்ளலாம். விலையை வரப்போகும் பணத்தில் கழிப்பார்கள். மூன்றாவதாக, முதல் இரண்டு குழுவிலும் இல்லாத ஆட்கள் வந்து, புகைப்படத்தையும் ஜி.பி.எஸ். இடக்குறியையும் வைத்து அதே வீடுதானா, அதே ஆள்தானா என்று சரிபார்ப்பார்கள். பிறகுதான் பணம்.

2014க்குப் பிறகு நடந்த பெரிய சுற்றில் ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 87,000 ஷில்லிங், அன்றைய கணக்கில் 1,000 டாலர், நம் ரூபாயில் 60,000க்குச் சற்று மேல். இது அந்தக் குடும்பங்களின் ஓராண்டுச் செலவில் முக்கால் பங்கு. முதலில் 7,000 வரும். அது ஒருவகைச் சோதனை ஓட்டம்: பெயர் பொருந்துகிறதா, பணம் சரியான ஆளுக்குப் போகிறதா, வீட்டுக்குள் சண்டை கிளம்புகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு 40,000. சில மாதம் கழித்து இன்னொரு 40,000.

சிக்கல்கள் பெரும்பாலும் சிறியவை, ஆனால் பணத்தை நிறுத்திவிடக்கூடியவை. அடையாள அட்டையில் ஒரு பெயர், சிம்மில் இன்னொரு பெயர். சிம் மகன் பெயரில். அடையாள அட்டையே எடுக்காத கிழவி. பின் எண்ணை மறந்துவிட்டு முகவரிடமே சொல்லி எடுக்கச் சொல்பவர். அங்கே இருநூறு முந்நூறு குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஊருக்கே ஒரே நாளில் பணம் வந்தால் முகவரின் பெட்டி பத்து மணிக்கே காலியாகும். ரொக்கம் தீர்ந்தது என்று தெரிந்தபின் சிலர் நகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போவார்கள். போக வரக் கூலி அவர்கள் தலையில். தவணை நாளை ஊருக்கு ஊர் மாற்றிப் போடுவதும், முகவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதும் இதற்கான மருந்து.

மூன்று குழு வெவ்வேறாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால் என்னாகும் என்பதற்குச் சாட்சி கென்யாவில் இல்லை, காங்கோவில் இருக்கிறது. அங்கே தென் கிவு மாகாணத்தில் பாதுகாப்பும் தொலைவும் காரணமாக, பயனாளிகளுக்கான சிம்மைக் களப்பணியாளர்களே பதிவு செய்து தரலாம் என்று விலக்கு அளித்தார்கள். 2022இல் சுமார் 9,00,000 டாலர் உள்ளாட்கள் கைக்குப் போனது. கிவ்டைரக்ட்லியே இதை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், அனுப்புபவர் தனித்தனி ஆட்களாக இருப்பதுதான் இந்த வேலையின் பூட்டு.

வீட்டுக்குள் என்ன மாறியது

முதல் பெரிய ஆய்வு சியாயாவின் ரரியேடா பகுதியில் 2011 முதல் 2013 வரை நடந்தது. சிலருக்கு 25,200 ஷில்லிங், சிலருக்கு 95,200. சிலருக்கு மாதம் 2,800 வீதம் ஒன்பது மாதம், சிலருக்கு ஒரே மூச்சில். சில வீடுகளில் மனைவி பெயரில், சில வீடுகளில் கணவன் பெயரில். எல்லாமே குலுக்கல்.

குடும்பத்தின் மாதச் செலவு 158 டாலரிலிருந்து 35 டாலர் கூடியது (இந்தப் பகுதியில் வரும் டாலரெல்லாம் மேலே சொன்ன வாங்கும் திறன் டாலர்). அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. பிள்ளைகள் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்த நாட்கள் 42 விழுக்காடு குறைந்தன. சொத்து மதிப்பு சுமார் 300 டாலர் உயர்ந்தது. ஒப்பீட்டுக் குடும்பங்களின் மொத்தச் சொத்தே 500 டாலருக்குள்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த உயர்வில் கால்நடை மட்டும் 83 டாலர். ஆய்வு முடிவில், பணம் பெறாத வீடுகளில் 16 விழுக்காட்டில் தகரக் கூரை இருந்தது. பணம் பெற்றவரிடம் அதற்கு மேல் 24 விழுக்காட்டுப் புள்ளி கூடியது.

சாராயம், புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றுக்கான செலவு கூடவில்லை. இந்த ஒரு வரிக்காகவே ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்களுக்கு இது பெரிய ஆச்சரியமாகப் படவில்லை. குடிக்கிறவன் கைமாற்று வாங்கியாவது குடிக்கிறான். அதற்கு 40,000 வரும் வரை அவன் காத்திருந்ததில்லை.

கணவனிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் செலவுப் பட்டியலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வீட்டு வன்முறையைத் தனியாக ஆராய்ந்தபோது, யாரிடம் கொடுத்தாலும் அடிஉதை குறைந்தது. பெண்ணிடம் கொடுத்தபோது பாலியல் வன்முறையும் குறைந்தது.

எதிர்பார்த்தும் நடக்காதவை உண்டு. உடல்நலத்திலும் பள்ளிப் படிப்பிலும் அந்தக் குறுகிய காலத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை. உமிழ்நீரில் அளந்த மன அழுத்தச் சுரப்பு மொத்தத்தில் குறையவில்லை; வாழ்க்கை திருப்தியா என்று கேட்டபோது மட்டும் பதில்கள் மேம்பட்டிருந்தன. தொழில் வரவு கூடியது, ஆனால் அதே அளவுக்குத் தொழில் செலவும் கூடியதால் லாபம் தெளிவாகத் தெரியவில்லை. மாடு வாங்கியவர் அது கன்று போடும்வரை தீனியும் போட வேண்டுமே.

மூன்றாண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். தொலைவிலுள்ள, பணம் பெறாத கிராமங்களோடு ஒப்பிட்டால் பெற்றவர்களிடம் 40 விழுக்காடு, அதாவது 422 டாலர், கூடுதல் சொத்து இன்னும் நின்றது. கொடுத்த பணத்தின் சராசரி 709 டாலர். அதில் ஐந்தில் மூன்று பங்கு கூரையாகவோ மாடாகவோ கண்முன் நிற்கிறது என்று பொருள். தினசரிச் செலவில் இருந்த கூடுதல் மங்கிவிட்டது. அதோடு ஒரு முள்ளும் தைத்தது: அதே ஊரில் பணம் பெறாத அண்டை வீட்டாரின் நிலை சற்றுத் தாழ்ந்ததுபோல் எண்கள் காட்டின. அது உண்மையா, அளவெடுப்பில் வந்த கோளாறா என்று பொருளியலாளர்கள் வெகுநாள் சண்டை போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்கும் மாவு மில்லுக்கும்

அந்தச் சண்டையைத் தீர்க்கவே அடுத்த ஆய்வைப் பெரிதாக வடிவமைத்தார்கள். 653 கிராமங்கள், 10,500க்கு மேற்பட்ட குடும்பங்கள், தலா 87,000 ஷில்லிங். உச்சத்தில், அந்த வட்டாரத்தின் ஆண்டு உற்பத்தி மதிப்பில் 15 விழுக்காட்டுக்கு மேல் பணம் ஒரே ஆண்டில் உள்ளே கொட்டியது. விலைவாசி எகிறும் என்று எவரும் பயப்படுவார்கள். சந்தைகளில் மாதாமாதம் விலை குறித்துப் பார்த்தார்கள். சராசரி உயர்வு 0.1 விழுக்காடு அளவில்தான் நின்றது. பணம் பெறாத குடும்பங்களின் செலவும் பெற்றவர்களுக்கு இணையாக உயர்ந்தது. ஊருக்குள் வந்த ஒரு டாலர், வட்டாரப் பொருளாதாரத்தில் இரண்டரை டாலராகச் சுழன்றது.

விலை ஏன் ஏறவில்லை என்பதற்கு ஊர் மாவு மில்லைப் பார்த்தால் போதும். டீசல் இயந்திரம், அதை ஓட்ட ஓர் ஆள், நாள் முழுக்கத் திறந்திருக்கும். காலையில் நாலு பேர், மாலையில் ஆறு பேர். நடுவில் மில்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தையற்காரர், முடிதிருத்துபவர், தச்சர், சைக்கிள் பழுதுபார்ப்பவர் எல்லோருக்கும் இதே நிலை: கையில் கருவி இருக்கிறது, திறமை இருக்கிறது, வாடிக்கையாளர் இல்லை. ஊரில் பணம் வந்ததும் அவர்கள் புதிதாக எதையும் வாங்காமலே இரண்டு மடங்கு வேலை செய்ய முடியும். அதனால் விலையைக் கூட்ட அவசியம் இல்லை. கூலி வேலைக்கு ஆள் தேடுபவர் கூடியதால் கூலி வருமானம் ஏறியது, அந்தக் கூலி, உதவிப் பணம் பெறாத வீட்டுக்கும் போனது.

இதை எல்லா ஊருக்கும் பொருத்திப் பேசுவது ஆபத்து. சந்தைக்குச் சாலை இல்லாத இடத்தில், வெளியிலிருந்து சரக்கு வர முடியாத போர்க்காலத்தில் இதே பணம் விலையை ஏற்றிவிடும். சியாயாவில் கிசுமு நகரம் பக்கம், வாரச்சந்தைகள் நெருக்கமாக இருக்கின்றன.

பேறுகாலத்தில் வந்த பணம்

2025இல் வெளியான ஆய்வுதான் இந்தக் கதையின் கனமான பகுதி. அதே 653 கிராமங்களில் பிறப்பு, இறப்பு விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு வயதுக்குள் குழந்தை இறப்பது 48 விழுக்காடும், ஐந்து வயதுக்குள் இறப்பது 45 விழுக்காடும் குறைந்திருந்தது. மருத்துவமனைப் பிரசவம் 45 விழுக்காடு கூடியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பெற்ற பிறகும் தாய்மார் வேலைக்குப் போவது ஏறத்தாழப் பாதியானது. நிறைமாதத்தில் களை பறிக்கப் போக வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிரசவத்தை ஒட்டி வந்த பணமே காப்பாற்றியது. மருத்துவர் இருக்கும் மருத்துவமனை அருகில் இருந்த ஊர்களில் பலன் மிகுதி. மருத்துவமனை தொலைவில் இருந்தால் பையில் பணம் இருந்தும் பயன் குறைந்தது. முதல் ஆய்வில் உடல்நலத்தில் மாற்றமே தெரியாமல் போனதற்கும் இதற்கும் முரண் இல்லை: குழந்தை இறப்பு போன்ற அரிதான நிகழ்வைக் கணிக்கச் சில நூறு குடும்பங்கள் போதாது.

வேண்டாம் என்றவர்களும் குடிசை போட்டவர்களும்

சும்மா கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? 2015இல் பக்கத்து ஹோமா பே மாவட்டத்தில் 45 விழுக்காடு பேர் வேண்டாம் என்றார்கள். வேலையும் வாங்காமல், கடனும் இல்லாமல், இவ்வளவு பணம் எவன் கொடுப்பான்? சாத்தானுக்குப் பூசை செய்பவர்கள் கொடுக்கிறார்கள் என்று வதந்தி ஓடியது. மூடநம்பிக்கை என்று சிரித்துவிடலாம். ஆனால் வெளியாள் வந்து 'இலவசம்' என்று சொல்லும் எதிலும் கொக்கி இருக்கும் என்பது ஏழை பட்டறிவால் கற்ற பாடம். உள்ளூர் வானொலியில் கேள்வி-பதில் நிகழ்ச்சி, ஏற்கெனவே பணம் பெற்ற பக்கத்து ஊராரை வைத்துக் கூட்டம், இவைதான் ஓரளவு வேலை செய்தன.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கோளாறு. புல் கூரைதான் தகுதி என்று தெரிந்துவிட்டால், தகர வீட்டுக்காரர் பின்புறம் ஒரு புல் குடிசை போட்டு மகனை அங்கே படுக்க வைக்கலாம். புதிதாக வேய்ந்த புல்லா, சமையல் கரி படிந்திருக்கிறதா, உள்ளே பாத்திரம் பண்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதாயிற்று. அதைவிடக் கசப்பானது நேர்மையாக நடந்தவருக்கு வருவது: இரண்டு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போன மாதம்தான் தகரம் போட்டார், அதனால் அவர் ஏழை இல்லை. இந்தப் புழுக்கம் ஊருக்குள் தேங்கியதால், பிற்காலத்தில் தகுதிப் பட்டியலை விட்டுவிட்டுக் கிராமம் முழுவதற்கும் கொடுக்கும் முறை வந்தது. செலவு கூடும், பகை குறையும். எங்கள் பார்வையில் அது சரியான பரிமாற்றம்.

மொத்தமாகவா, மாதாமாதமா

ரரியேடாவில் தெரிந்தது: மாதாமாதம் பெற்றவர் சாப்பாட்டில் மேம்பட்டார், மொத்தமாகப் பெற்றவர் நீடிக்கும் பொருளில் போட்டார். 2,800 ஷில்லிங்கில் கூரை வாங்க முடியாது, அரிசியும் மீனும் வாங்கலாம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையின் ஆயிரம் ரூபாயும் இப்படித்தான் மளிகையிலும் கேஸிலும் கரைகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்தத் தொகையின் உருவம் அது.

எப்படி வேண்டும் என்று பயனாளிகளையே கேட்ட ஒரு கென்ய ஆய்வில் பெரும்பாலோர் பெரிய தொகையாக வேண்டும் என்றார்கள். கணிசமானோர் இன்னொன்றும் கேட்டார்கள்: இப்போது வேண்டாம், சில மாதம் கழித்துக் கொடுங்கள். அவசரம் அவர்களுக்கு, ஆனாலும் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். விதைப்புக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ பணம் வேண்டிய மாதம் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் வந்தால் கையில் நிற்காது என்பதும் தெரியும். அரசுத் திட்டங்கள் எதுவும் இதைக் கேட்பதில்லை.

கென்யாவில் 295 கிராமங்களை எடுத்து இன்னொரு பெரிய சோதனையும் நடக்கிறது. சில கிராமங்களில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 2,250 ஷில்லிங், 12 ஆண்டுகளுக்கு. சிலவற்றில் அதே தொகை 2 ஆண்டுக்கு மட்டும். இன்னும் சிலவற்றில் அந்த இரண்டாண்டுத் தொகை மொத்தமாக. 2023இல் வந்த முடிவுகளில், மொத்தமாகப் பெற்ற ஊர்களும் 12 ஆண்டு உறுதி பெற்ற ஊர்களும் புதிய தொழில் தொடங்குவதில் முந்தின. 2 ஆண்டு மாதத்தொகை பெற்ற ஊர்கள் பின்தங்கின. மூன்று வகையிலும் மக்கள் சோம்பி உட்காரவில்லை. கூலி வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்குப் போனார்கள்.

மாதம் 2,250 வாங்கும் 12 ஆண்டு ஊர், மொத்தத் தொகை ஊரைப்போல எப்படி நடந்துகொண்டது? சீட்டுப் போட்டார்கள். சுவாஹிலியில் அதன் பெயர் சாமா. நம் குலுக்கல் சீட்டேதான்: எல்லோரும் போடுவது, மாதம் ஒருவர் எடுப்பது. கணவன் மனைவி இருவருக்குமாக மாதம் 4,500 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,750 சீட்டுக்குப் போனால் 2,750 சாப்பாட்டுக்கு நிற்கும். இருபது குடும்பம் சேர்ந்தால் மாதம் 35,000; பழைய விலைக்கு ஒரு கூரை. முதலில் எடுத்தவர் மீதி 19 மாதமும் ஒழுங்காகக் கட்டுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இது ஓடும். 12 ஆண்டுக்குப் பணம் வரும் என்று ஊருக்கே தெரிந்த இடத்தில் அந்த நம்பிக்கை எளிது. 24 மாதத்தில் நின்றுவிடும் ஊரில் சீட்டு ஆரம்பிக்கவே ஐந்தாறு மாதம் தாமதித்தால் கடைசி ஆட்களுக்குச் சீட்டு விழும்முன் பணம் நின்றுவிடும். 2 ஆண்டு ஊர்கள் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இருபதாவதாகச் சீட்டு எடுப்பவரின் கணக்கையும் போட்டுவிடலாம். அவர் வீட்டில் 20 மாதத்துக்குப் புல் கூரைதான். ஆண்டுக்கு 6,700 வீதம் அதற்குள் 11,000 ஷில்லிங்குக்கு மேல் புல்லுக்கே போயிருக்கும்.